ஆயர் சொன்னதன் கருத்து

தொட்டியத்துச் சிறு சபையிலிருந்து திருச்சி பாலக்கரைக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது, ஆயர் பிச்சமுத்து நேரே போய்ப் பேராயரைப் பார்த்தார். பாலக்கரை சமாதான ஆலயம் நான்கு மொழி பேசும் சபை என்றும், தனக்குத் தமிழைத் தவிர வேறு மொழி வராது என்றும் பணிவோடு தெரிவித்தார்.

"அதனாலதான் உங்களைப் போட்டோம்" என்றார் பேராயர். "ரெண்டு மொழி தெரிஞ்சவரைப் போட்டா அந்த ரெண்டு பக்கமும் சாஞ்சுட்டார்ம்பாங்க. உங்களைப் பத்தி யாரும் எதுவும் சொல்ல முடியாது."

காவேரி மண்டலத் திருச்சபையில் அந்த ஆண்டு ஐக்கிய ஆண்டாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதுவரை சமாதான ஆலயத்தில் தமிழ், ஆங்கிலம், மலையாளம், தெலுங்கு என்று நான்கு ஆராதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவந்தன. நான்கு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் முந்தைய கூட்டத்தார் மின்விசிறியை அணைக்காமல் போனது பற்றி ஒவ்வொருவரும் மனு கொடுத்திருந்தார்கள். மனுக்களைப் படித்த பேராயர், எல்லாரையும் ஒரே ஆராதனையில் உட்கார வைத்துவிட்டால் மின்விசிறிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று கண்டுகொண்டார்.

"நாம் அனைவரும் ஒன்று" என்று தொடக்க விழாவில் அவர் பேசினார். "இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத்துமூலம் தரலாம். அது பரிசீலிக்கப்பட மாட்டாது."

பெருத்த கைதட்டல் எழுந்தது. பிச்சமுத்துவும் தட்டினார். பேராயர் ஏதோ நகைச்சுவையாகச் சொல்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

புது ஊரில் ஆயருக்கும் அவர் மனைவி சுகிர்தத்துக்கும் கிடைத்த முதல் உறவு, சபைச் செயலாளர் தியோடர். நாக்பூரில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சட்டை, எப்போதும் மடிப்புக் கலையாத கைக்குட்டை, மென்மையான குரல். சனிக்கிழமைதோறும் சுத்தம் செய்து மஞ்சள் தடவிய மீன் அவர் வீட்டிலிருந்து ஆயர் வீட்டுக்கு வரும். ஆடி மாதம் சுகிர்தத்துக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பிச்சமுத்து அவரை முதலில் 'சார்' என்று கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு 'அண்ணே' என்று ஆக்கிக்கொண்டார். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத பிச்சமுத்துவுக்கு, நாற்பத்தாறு வயதில் ஓர் அண்ணன் கிடைத்தது பெரிய விஷயமாக இருந்தது.

ஐக்கிய ஆராதனை தொடங்கியது. ஆயர் தமிழில் ஒரு வாக்கியம் பேசுவார். அது ஆங்கிலம், மலையாளம், தெலுங்கு என்று மூன்று மொழிகளில் போய்விட்டுத் திரும்பி வரும். அதற்குள் அடுத்த வாக்கியம் என்னவென்று ஆயருக்கு மறந்துபோகும்.

ஒரு ஞாயிறு, "நேத்து நல்ல மழை" என்று பிரசங்கத்தைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் பெயர்த்த கல்லூரிப் பேராசிரியர், ஆயர் குறிப்பிடுவது ஆவிக்குரிய மழையே என்று கூறி, அதன் மூன்று வகைகளையும் விளக்கினார். மலையாளத்தில் பெயர்த்த நர்சிங் சூப்பிரண்டு, இதையெல்லாம் எங்கள் ஊரில் மழை என்று சொல்ல மாட்டோம் என்று உண்மையைச் சொன்னார். தெலுங்கில் பெயர்த்த ரயில்வே அதிகாரி, தன் மொட்டை மாடியில் ஒழுகுவது பற்றிச் சுருக்கமாகக் குறிப்பிட்டார். ஆயர் இரண்டாவது வாக்கியத்துக்கு வந்தபோது ஆராதனை நேரம் முடிந்திருந்தது.

பிறகு, ஜெப முடிவில் 'ஆமென்' என்பதை எந்த மொழியில் முதலில் சொல்வது என்ற பிரச்சினை வந்தது. எல்லா மொழியிலும் அது ஒரே சொல்தான் என்று ஆயர் சுட்டிக்காட்டினார். அது அவருடைய தனிப்பட்ட கருத்தாகக் குறித்துக்கொள்ளப்பட்டது. உபகமிட்டி ஒன்று கூடி, நான்கு மொழியினரும் வாராவாரம் முறை மாற்றி, ஒருவர்பின் ஒருவராக 'ஆமென்' சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தது. மறதியாகச் சேர்ந்து சொல்லிவிட்டவர்கள் எச்சரிக்கப்பட்டார்கள்.

இதையெல்லாம் பிச்சமுத்து தன் குறையாகவே எடுத்துக்கொண்டார். பட்டணம் பழக நாளாகும் என்று சுகிர்தத்திடம் சொன்னார். "பட்டணத்துல எல்லாரும் இப்படியா பேசிக்கிறாங்க?" என்று கேட்டாள் அவள். "தியோடர் அண்ணன் பழக்கிவிடுறேன்னு சொல்லியிருக்காரு" என்றார்.

புரட்டாசி வாக்கில் ஒருநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, காம்பவுண்டுச் சுவரோரம் கொஞ்சம் பேர் உட்கார்ந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். காலில் சிமென்ட் காய்ந்திருந்தது. ஆயரின் அங்கியைப் பார்த்ததும் எழுந்து, கைகூப்பி, "யீசு சஹாய்" என்று வணக்கம் சொன்னார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். தில்லை நகரில் கட்டப்பட்டுவரும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். மூத்தவன் பேர் பௌலுஸ் திர்க்கி. அவன் மனைவி சலோமி, இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் அவன் தம்பி சில்வஸ்டர். இவ்வளவும் தியோடர் வந்து கேட்டுச் சொன்ன பிறகுதான் ஆயருக்குத் தெரிந்தது. தியோடருக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு.

"உள்ள கூட்டிட்டு வாங்கண்ணே, ஏன் வெளியில உக்கார்றாங்க!" என்றார் ஆயர்.

கமிட்டியில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் செய்தி கேட்ட பேராயர் மகிழ்ந்தார். நான்கு மொழி சபை என்பது ஐந்து மொழி சபை ஆனால் திருச்சபை மலரில் அட்டைப்படமே போடலாம். இந்தியில் பெயர்க்கும் பொறுப்பைத் தியோடரே ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர்கள் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளையுடுத்தி வந்தார்கள். ஆயருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. "முன்னாடி வாங்க. இது உங்க தகப்பன் வீடு. நீங்க விருந்தாளி இல்ல" என்று பீடத்திலிருந்து கைநீட்டி அழைத்தார். தியோடர் அதைத் தன் மென்மையான குரலில் இந்தியில் சொன்னார். அவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து, வரிசையாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஏண்ணே பின்னாடி போறாங்க?"

"அவங்க ஊர் மரியாதை ஐயா. பெரியவங்க முன்னாடி உக்கார மாட்டாங்க."

அறுப்பின் பண்டிகை விருந்துக்கு எல்லாரும் பந்தியில் உட்கார வேண்டும் என்று ஆயர் அறிவித்தார். ஜார்க்கண்டுக்காரர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறிப் போனார்கள். அவர்களுக்குப் பிரியாணி ஒத்துக்கொள்ளாது என்றார் தியோடர். கிறிஸ்துமஸுக்கு சலோமியின் குழந்தைக்கு எல்லார் முன்னிலையிலும் ஞானஸ்நானம் கொடுக்க ஆயர் ஆசைப்பட்டார். சொந்த ஊரில்தான் கொடுப்பார்களாம் என்றார் தியோடர்.

இவர்களின் பணிவு பிச்சமுத்துவை உருக்கிவிட்டது. அதைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கமே செய்தார். "கடைசி இடத்தை இவங்களாவே தேடிப் போறாங்க. நாம கத்துக்கணும்" என்றார். முன்வரிசையில் தன் மாமனார் காலத்திலிருந்து குடும்பத்துக்கென்று இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அற்புதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பிரசங்கத்தைத் தியோடர் இந்தியில் எப்படிச் சொன்னார் என்பது தெரியவில்லை. கடைசி பெஞ்சில் யாரும் தலை நிமிரவில்லை.

பொங்கல் கழிந்த வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம், பௌலுஸ் வேலைத்தளத்து உடுப்போடு ஓடிவந்தான். கூட இருவர். ஆயரும் தியோடரும் ஆலய அலுவலறையில் பரிசுத்த வார ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பௌலுஸ் நின்றபடியே படபடவென்று பேசினான். கையை உயரத் தூக்கி, சட்டென்று கீழே இறக்கிக் காட்டினான். தன் தொடையைத் தட்டிக் காட்டினான். குரல் உடைந்து அழுதான்.

"என்னண்ணே ஆச்சு? மேலேருந்து கீழ காட்டுறாரே?"

தியோடர் சற்று யோசித்தார். "ரயில் ஐயா. வடக்கேருந்து தெக்க வந்தோம்கறாரு. இப்ப தம்பி ஊருக்குத் திரும்பிப் போறானாம். நீங்க ஜெபம் பண்ணி அனுப்பணுமாம்."

"அதுக்கா இப்படி அழறாரு?"

"பாசக்காரங்க ஐயா."

ஆயரின் கண்ணும் கலங்கியது. எழுந்து வந்து பௌலுஸின் தலையில் இரண்டு கையையும் வைத்தார். தம்பியின் பயணம் சுகமாக அமைய வேண்டும், வழியில் ஒரு தீங்கும் அணுகக் கூடாது, ஊர் போய்ச் சேர்ந்து உற்றாரைக் காண வேண்டும் என்று மனம் விட்டு ஜெபித்தார். தியோடர் ஒவ்வொரு வரியாக இந்தியில் சொல்லிவந்தார். நடுவில் ஒருமுறை பௌலுஸ் கண்ணைத் திறந்து ஆயரை ஏறிட்டுப் பார்த்தான். ஜெபத்தில் கண் திறப்பது அவர்கள் ஊர் வழக்கமாக இருக்கும் என்று ஆயர் எண்ணினார். ரயிலில் சாப்பிடட்டும் என்று சுகிர்தம் அவசரமாக எலுமிச்சைச் சாதம் கிளறிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பௌலுஸ் அதை வாங்கிக்கொண்டு, யீசு சஹாய் சொல்லாமல் போனான்.

அதன்பின் அவன் ஆலயத்துக்கு வரவில்லை. தம்பியோடு அவனும் ஊருக்குப் போயிருப்பதாகத் தியோடர் சொன்னார்.

தவக்காலத்தில் ஒருநாள் காலை, சலோமி ஆயர் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து, முருங்கைக் கீரை கொஞ்சம் ஒடித்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். சுகிர்தம் வியந்துபோனாள்.

"இவ்வளவு தமிழ் எங்க கத்துக்கிட்ட?"

"சைட்லதான் அக்கா. மேஸ்திரி திட்டுறதுலயே பாதி வந்துரும். மீதி காய்கறி மார்க்கெட்ல."

சுகிர்தம் குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள். "இவளுக்கு ஞானஸ்நானம் ஊர்லதான்னு சொல்லிட்டீங்களாமே. இங்கயே கொடுத்திருக்கலாம். ஐயா எவ்வளவு ஆசையா இருந்தாரு தெரியுமா?"

சலோமி கீரையை ஒடிப்பதை நிறுத்தினாள். "நாங்க எப்பக்கா சொன்னோம்? ஐயாதான் வேணாம்னுட்டாங்க. எங்க மாதிரி ஆளுங்களுக்கு இங்க கொடுக்குறதில்லன்னு."

சுகிர்தம் உள்ளே போய் ஆயரைக் கூட்டிவந்தாள். அவர் கையில் பாதி படித்த நாளிதழ் இருந்தது.

"நான் அப்படிச் சொன்னேனாம்மா?"

"நீங்க தமிழ்ல சொல்லுவீங்க. தியோடர் சார் எங்களுக்குச் சொல்லுவாரு. மொதல்ல எனக்குத் தமிழ் சுத்தமாத் தெரியாது. தீவாளிக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சம் புரிஞ்சுது. நீங்க 'முன்னாடி வாங்க'ம்பீங்க. அவரு பின்னாடி போய் உக்காருங்கம்பாரு. சரி, தமிழ்ல 'முன்னாடி'ன்னா பின்பக்கம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். மார்க்கெட்ல அப்படியே சொல்லி எல்லாரும் சிரிச்சாங்க." அவள் சிரிக்கவில்லை. "இப்பத்தான் ஐயா, தப்பு என் தமிழ்ல இல்லன்னு தெரியுது."

ஆயர் கிணற்று மேடையில் உட்கார்ந்தார். "பௌலுஸ் எப்பம்மா ஊர்லேருந்து வர்றாரு? தம்பி நல்லாயிருக்காரா?"

"சில்வஸ்டரா?" அவள் அவரை நம்ப முடியாமல் பார்த்தாள். "சாரத்துலேருந்து விழுந்துட்டான் ஐயா. மூணாவது மாடி. தொடை ரெண்டா போச்சு. துணியைச் சுத்தி, ஊருக்கு ரயில் ஏத்தி விடுறேன்னாரு மேஸ்திரி. இங்கயே ஆஸ்பத்திரியில வெக்கணும், நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்கன்னு கேக்கத்தான் பௌலுஸ் ஓடிவந்தாரு. நீங்க, ஊருக்குப் போறதுதான் கர்த்தருக்குச் சித்தம்னு சொல்லி ஜெபம் பண்ணிட்டீங்கன்னாரு. சோறும் கட்டிக் கொடுத்துட்டீங்கன்னாரு."

சுகிர்தம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ராஞ்சி போறதுக்குள்ள கால் கறுத்துப்போச்சு. எடுத்துட்டாங்க."

குழந்தை சுகிர்தத்தின் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

ஆயர் முதலில் போனது தில்லை நகரில் கட்டப்பட்டுவந்த ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரான டாக்டரிடம். சமாதான ஆலயக் கமிட்டியின் உபதலைவர் அவர். "அது காண்ட்ராக்டர் ஆள் ஐயா" என்றார் டாக்டர். "அது மேஸ்திரி ஆள்" என்றார் காண்ட்ராக்டர். அப்படி ஓர் ஆளே தன்னிடம் இல்லை என்றார் மேஸ்திரி. மூவரும் ஆயருக்குக் காபி கொடுத்தார்கள்.

சாயங்காலம் தியோடர் வீட்டுக்குப் போனார். தியோடர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். ஆயர் கேட்டதற்கு அவர் எதையும் மறுக்கவில்லை. அதுதான் பிச்சமுத்துவை நிலைகுலைய வைத்தது.

"நான் பொய் சொல்லல ஐயா. நீங்க அப்படி நினைக்கக் கூடாது. நான் பண்ணினது மொழிபெயர்ப்பு இல்ல, நிர்வாகம்."

"பையனுக்குக் கால் போயிருச்சுண்ணே."

"வருத்தம்தான். தினம் அவனுக்காக ஜெபிக்கிறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு நான் உள்ளத உள்ளபடி சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? நேரா சைட்டுக்குப் போயிருப்பீங்க. டாக்டரு நம்ம உபதலைவரு. ஆயரே போய் அவர் சைட்ல நின்னா சபை ரெண்டா ஒடையும். அதுவும் ஐக்கிய ஆண்டுல!"

"அவங்கள முன்னாடி உக்காரச் சொன்னா அதுல என்ன ஒடையும்?"

"அற்புதம்மாள் குடும்பம் வேற சபைக்குப் போயிரும். நீங்க தங்கமான மனுஷன் ஐயா. எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டுருவீங்க. அவங்களை எங்க உக்கார வெக்கிறதுன்னு யாராவது பாக்கணுமில்ல? நீங்க அன்பா இருக்கணும், சபையும் கலையாம இருக்கணும்னா நடுவுல ஒருத்தன் பழி சுமக்கணும். அதை நான் சுமந்தேன். உங்களுக்காகத்தான் சுமந்தேன்." அவர் மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உங்களைக் கூடப் பொறந்தவனா நெனச்சேன். நீங்க என்னைக் குத்தவாளி மாதிரி கேக்குறீங்க."

நம்பிக்கைத் துரோகம் செய்துவிட்டதாகத் தியோடர் கடைசியில் ஆயரையே குற்றம் சாட்டுகிறார் என்பது அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து வந்துவிட்டார். வீடு வரை நடந்தே வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் விழித்திருந்த மனிதரும் இவரும் ஒரே ஆள்தான் என்பதுதான் வழியெல்லாம் அவரை அரித்தது. இரண்டில் ஒன்று பொய் என்றிருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமையும் மீன் வந்தது. சுகிர்தம் பாத்திரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினாள். அதைப் பற்றிக் கமிட்டியில் வருத்தத்தோடு பேசப்பட்டது.

ஆயர் போய்ச் சொன்னதைப் பேராயர் பொறுமையாகக் கேட்டார். அவருடைய பொறுமை திருச்சபை முழுவதும் பேர்போனது.

"மொழிபெயர்ப்பில் சிறு பிழைகள் நேர்வது சகஜம்" என்றார்.

"பிழை இல்லீங்க. தெரிஞ்சே பண்ணியிருக்காரு."

"தெரிந்தே செய்தால் அது பிழை ஆகாது. கொள்கை முடிவு. அதைக் கமிட்டிதான் விசாரிக்க வேண்டும். கமிட்டிக்குச் செயலாளர் தியோடர்."

"அப்ப நானே சபையில உண்மையைச் சொல்லிடுறேன்."

பேராயர் புன்னகைத்தார். "தாராளமாகச் சொல்லுங்கள். நம் திருச்சபையில் யார் எதை வேண்டுமானாலும் பேசலாம். அது என்னவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

சித்திரையில் ஐக்கிய ஆண்டு நிறைவு விழா வைத்தார்கள். பந்தல், வாழைமரம், ஐந்து மொழியில் வரவேற்புப் பலகை. கடைசி பெஞ்ச் மட்டும் காலியாக இருந்தது. ஜார்க்கண்டுக்காரர்களை வேறு வேலைக்கென்று ஸ்ரீரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் இந்தியும் ஒலிக்க வேண்டும் என்பதால் தியோடர் மேடையில் நின்றார். மற்ற மூவரும் நின்றார்கள். ஐந்தாவதாக இன்னொருவரும் நின்றார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

"இவர் எதுக்கு?" என்று ஆயர் கேட்டார்.

"உங்கள் தமிழ் வட்டார வழக்கு. பட்டணத்தாருக்குச் சரியாகப் புரியவில்லை என்று மனு வந்திருக்கிறது" என்றார் பேராயர். "உங்கள் தமிழைத் தமிழில் சொல்லுவார்."

ஆயர் எழுந்தார். எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னார்.

"நம்ம சபைக்கு வந்த ஒரு பையன், சாரத்துலேருந்து விழுந்து காலை இழந்துட்டான்."

தமிழாசிரியர் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டார். "ஆயர் சொன்னதன் கருத்து என்னவென்றால், நம் சபை இவ்வாண்டு ஓரடி முன்னெடுத்து வைத்திருக்கிறது."

கைதட்டல். அது ஆங்கிலம், மலையாளம், தெலுங்கு, இந்தி என்று போயிற்று. ஒவ்வொரு மொழியிலும் அந்த ஓரடி இரண்டடி, மூன்றடியானது.

"உதவி கேட்டு வந்தவங்களை நாம ஏமாத்தி ரயில் ஏத்திட்டோம்."

"வெளியூர் அன்பர்களுக்கு நம் சபை செய்த பயண ஏற்பாடுகளை ஆயர் நன்றியோடு நினைவுகூர்கிறார்."

"தியோடர் அண்ணன் என்னை ஏமாத்தினார்! நானும் ஏமாந்தேன்! இந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு!"

ஆயரின் குரல் பிசிறடித்தது. தமிழாசிரியர் தொண்டையைக் கனைத்தார்.

"செயலாளரின் சேவையில் தமக்கும் ஒரு பங்கு கிடைத்ததை எண்ணி ஆயர் உணர்ச்சிவசப்படுகிறார்."

தமிழ் தெரிந்தவர்கள் இரண்டையும் கேட்டார்கள். ஆயர் சொன்னதையும் கேட்டார்கள், ஆசிரியர் சொன்னதையும் கேட்டார்கள். கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு ஆசிரியர் சொன்னதற்குக் கைதட்டினார்கள். தியோடர் நெருங்கி வந்து ஆயரைக் கட்டித் தழுவினார். அந்தப் படம்தான் திருச்சபை மலரின் அட்டையில் வந்தது.

கலைந்து போகும்போது அற்புதம்மாள் வந்து ஆயரின் கையைப் பிடித்தார். அம்மாளின் கை குளிர்ந்திருந்தது.

"ரெண்டாவதா சொன்னது நல்லாயிருந்துச்சு ஐயா" என்றார். "நீங்க சொன்னதை நான் காதுல வாங்கிக்கல. கவலைப்படாதீங்க."

மாற்றல் உத்தரவு அடுத்த வாரமே வந்தது. மலையடிவாரத்து ஊர். ஒரே மொழி சபை. ஐக்கியத்துக்காக அரும்பாடுபட்டதைப் பாராட்டி ஆயருக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியவர் டாக்டர்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு பிச்சமுத்து அங்கி போடவில்லை. சாதாரண வேட்டி சட்டையோடு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனார். கோயிலுக்கு வந்த கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, கொள்ளிடக்கரைப் பக்கம் விசாரித்து நடந்தார். அடுக்குமாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தகரக் கொட்டகைகள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிகள் காய்ந்தன. ஒரு கொட்டகைக்குள் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில்லாத அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து அவர்களே ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆயர் முடியும்வரை வெளியே மணல் குவியலருகே நின்றார். உள்ளே வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை.

சலோமிதான் முதலில் பார்த்தாள். அவள் சொல்லி பௌலுஸ் வெளியே வந்தான். மெலிந்திருந்தான். போன வாரம்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆயர் அதில் உட்காராமல் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். பௌலுஸ் எதிரே குத்தவைத்தான்.

"சலோமி, நான் சொல்றதை அப்படியே அவருக்குச் சொல்லும்மா. ஒண்ணையும் மாத்தாத."

அவள் தலையாட்டினாள்.

"அன்னைக்கு அவர் என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியல. தியோடர் சார் வேற சொன்னாரு. ஆனா ஒரு மனுஷன் அப்படி அழறப்ப, எனக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கணும். வரல. அவரை நம்புறது எனக்கு வசதியா இருந்துச்சு. மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

சலோமி சொன்னாள். அவர் பேசிய அளவுக்கே பேசினாள். பௌலுஸ் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு பேசத் தொடங்கினான். நிறுத்தி நிறுத்தி, வெகுநேரம் பேசினான். ஒரு கட்டத்தில் தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் ஆயருக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

"பரவாயில்ல, உங்க மேல தப்பு இல்லன்னு சொல்றாரு ஐயா" என்றாள் சலோமி.

ஆயர் அவளையே பார்த்தார். "அதைச் சொல்ல இவ்வளவு நேரமா ஆகும்? அவர் சொன்னதைச் சொல்லும்மா."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"சாரத்துலேருந்து விழுந்தப்பகூட சில்வஸ்டர் தைரியமா இருந்தானாம். மேஸ்திரி போகச் சொன்னப்ப போக மாட்டேன்னுதான் சொன்னானாம். சர்ச்சுக்குப் போயிட்டு வந்து இவர்தான் தம்பியை ரயில் ஏறச் சம்மதிக்க வெச்சாராம்." அவள் குரல் இறங்கியது. "தியோடர் சார் பேச்சை நான் நம்பல, அந்த ஆளு கண்ணு எனக்கு முன்னமே பிடிக்காதுங்கறாரு. ஆனா நீங்க தலையில கை வெச்சப்ப உங்க கை சூடா இருந்துச்சாம். நீங்களும் அழுதீங்களாம். அதனாலதான் நம்பினேன்னு சொல்றாரு."

உள்ளேயிருந்து குழந்தை அழுதது. சலோமி எழுந்து போனாள். ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாத அந்த இரண்டு பேரும் எதிரெதிரே, வெயில் ஏறும்வரை, அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.